காலித் தொட்டி

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் மீன் ஆய்வுக்கூடம். ஒரு தொட்டி சியாக்காப் மீன்களுக்குத் தடுப்பு மருந்து கலந்த தீனி போட்டோம். அடுத்த தொட்டிக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தீனி. வைரஸை விட்டதும் வெறும் தீனி தின்ற நாற்பதும் செத்தன. தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினோம்.

மறுநாள் கைப்பழக்கத்தில் அதிலும் வெறும் தீனியைத் தூவிவிட்டேன். அப்படியே மிதந்தது.

“காலித் தொட்டி லா, ஜெரால்டின்,” என்றார் ஆய்வாளர் ரூபேந்திரன்.

மிதந்த தீனியை வலையால் அள்ளி வெளியே போட்டேன். ஆனாலும் அன்று முழுக்க அந்தத் தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன். சாயங்காலம், யாரும் இல்லாதபோது, மருந்துத் தீனியில் ஒரு பிடி எடுத்து அதில் போட்டேன்.

தண்ணீர் சளசளவென்று துள்ளி அடங்கியது. ஓர் உருண்டைகூட மிச்சமில்லை.

பின்னால் ரூபேந்திரன் நின்றிருந்தார்.

“நாப்பது மீனுக்கு ஒரு பிடி பத்தாது,” என்றார்.