பதினோரு பொன்னாடைகள்

ஒன்பதாம் மாதம். இடுப்பெலும்பு கழன்று விழுவதுபோல் வலித்ததில் பூங்கோதைக்கு எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கமில்லை. முழங்கால்களுக்கு நடுவே வைக்க ஒரு தலையணை கேட்டு ஒரு மாதமாகிறது. அன்று மாலையும், “தாய்மைன்னா சும்மாவா? பொறுத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டு, தாய்மையின் பெருமையைப் பேச வெளியூர்ப் பட்டிமன்றத்துக்குக் கிளம்பிப் போனான் கணவன் செழியன்.

அவன் மேடைமேடையாக வாங்கிய பதினோரு பொன்னாடைகள் அலமாரியில் சாமி படத்துக்குரிய மரியாதையோடு மடிப்புக் கலையாமல் இருந்தன. எல்லாவற்றையும் உருவி, பழைய தலையணை உறையில் திணித்து, கால்களுக்கு நடுவே வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். ஜரிகை குத்தியது. அவன் பேச்சுக்கு அது தேவலை. கண் சொக்கியது.

மறுநாள் காலை, கழுத்தில் புதுப் பொன்னாடையோடு வந்தவன் வெறும் அலமாரியைப் பார்த்தான். “சால்வையெல்லாம் எங்க?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “கால் இடுக்குல இருக்கு. கழுத்துல கெடக்குறதையும் கழட்டிக் குடுங்க, முதுகுக்குப் பத்தல.”