அஞ்சாம் நம்பர் பனியன்

"இதுதான் மேடம். அஞ்சாம் நம்பர்," என்றாள் ராசம்மாள், டப்பாவிலிருந்து மூக்கை எடுக்காமலேயே.

பால்வாடி ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆண்கள் அவள் புருஷன் சகாதேவனின் முதுகில் தட்டினார்கள்.

"டேய், உன்னுதுடா. நீ மனுசன்," என்றான் தட்சணாமூர்த்தி. அவன் மனைவி சற்று முன்புதான் வேறு எவன் பனியனையோ எடுத்துவிட்டுச் சிரித்தபடி வெளியே வந்திருந்தாள்.

சகாதேவன் சிரிக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு மரக்காணத்துக்குக் கேள்வி கேட்க வந்தவர்கள் ஏராளம். பனியன் கொடுக்க வந்தவர் ஜான்சி மேடம் ஒருவர்தான். பாண்டிச்சேரியில் மனோதத்துவ ஆராய்ச்சி செய்கிறவர். உப்பளத்து ஆண்கள் எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு புது வெள்ளைப் பனியன் கொடுத்தார். ஓரத்தில் மையால் நம்பர். ரெண்டு நாள் இரவும் பகலும் கழற்றக் கூடாது. சோப்பு கூடாது, பீடி கூடாது, மீன் கூடவே கூடாது. பிறகு டப்பாவில் போட்டு மூடித் தர வேண்டும். தன் நம்பரை மனைவியிடம் சொல்லக் கூடாது. பெண்கள் முகர்ந்து பார்த்து, பிடித்ததைச் சொல்வார்கள்.

"நம்ம உடம்புக்கு நேர் மாறான உடம்பு எதுவோ, அதோட வாசனைதான் நமக்குப் புடிக்கும்," என்று ஜான்சி இப்போது ராசம்மாளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "பொறக்கற குழந்தைக்கு நோய் அண்டக் கூடாதுல்ல? அதுக்காக உடம்பே பார்த்துப் பொறுக்குது. மனசு பொய் சொல்லும்மா. மூக்கு சொல்லாது."

"அப்படிங்களா," என்ற ராசம்மாள், இன்னொரு முறை முகர்ந்துகொண்டாள்.

அந்தப் பனியன் சகாதேவன் உடம்பில் ஒரு நிமிடம்கூட ஏறியதில்லை.

பனியன் வாங்கிய அன்றுதான், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன படகுகள் திரும்பின. பக்கத்து ஊரான அனுமந்தையிலிருந்து கூட்டாளி ஒருவன் கூப்பிட்டு அனுப்பினான், சங்கரா மீன் வந்திருக்கிறதென்று. சகாதேவன் யோசித்தான். ஊரில் மீன், பீடி, சோப்பு மூன்றையும் தொடாமல் இருந்தவன் ஒரே ஒருத்தன்: திரௌபதியம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்த மணிவண்ணன். கோயிலுக்கு ஓடி, பனியனையும் டப்பாவையும் அவன் மடியில் போட்டு, "எனக்காக நீ போட்டுக்கடா," என்று சொல்லிவிட்டு அனுமந்தைக்கு சைக்கிளை மிதித்தான். மறுநாளும் போனான். இன்று காலை கோயிலில் டப்பாவை வாங்கி அப்படியே ஜான்சியிடம் கொடுத்தான்.

ராசம்மாளை முதலில் பெண் கேட்டு வந்தது மணிவண்ணன் வீட்டார்தான். சங்கராவின் அவசரத்தில் அது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் இருபுறமும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன.

"இன்னாய்யா, பேச்சையே காணோம்?" என்றாள் ராசம்மாள்.

"ஒண்ணுமில்ல. அப்படி இன்னா இருந்துச்சு அந்த அஞ்சுல?"

"சொல்லத் தெரியல. ரொம்ப நாள் பழகின மாதிரி இருந்துச்சு."

"பழகின மாதிரியா?"

"ஆமா. வேத்து வாசனையாவே தெரியல." அவன் முகத்தைப் பார்த்தாள். "பாவம், ரெண்டு நாளா மீனைத் திரும்பிக்கூடப் பாக்காம இருந்தியே. அதான் அப்படி ஒரு வாசனை."

உண்மையைச் சொன்னால் மீன் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் மணிவண்ணன் உள்ளேயே கிடப்பான். சகாதேவன் நடையைக் கூட்டினான்.

போன ரெண்டு ராத்திரியும் அவள் பாயைத் தள்ளிப் போட்டது நினைவுக்கு வந்தது. உப்பளத்தில் புடவைக்கு மேல் போட்டுக்கொள்ளும் தன் பழைய முழுக்கைச் சட்டையை அவள் வீட்டிலும் கழற்றவில்லை. கேட்டதற்குக் கொசு என்றாள். சட்டைக்குக் கழுத்துவரை பித்தான் வேறு. கட்டின புருஷன் பக்கத்தில் இருக்க இதென்ன கட்டுக்காவல்?

மூக்கு பொய் சொல்லாது.

வீட்டு வாசலில் அவளை விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகக் கோயிலுக்குப் போனான். மணிவண்ணன் மஞ்சள் வேட்டியும் வெற்று மேலுமாக வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

"டேய், நிசத்தைச் சொல்லு. ராசம்மா உன்கிட்ட பேசினாளா?"

"பேசுச்சு. ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையா? இன்னாடா பேச்சு உனக்கு அவகிட்ட?"

"கத்தாத, கோயிலு. நீ குடுத்த பனியன் விஷயந்தான். காப்புக் கட்டினவன் மேலுல மஞ்சத் துணியத் தவிர வேற ஏறலாமா? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சைக்கிள்ல ஏறிட்ட. அன்னிக்கே கொண்டுபோயி உன் வூட்டுல குடுத்துட்டேன். இன்னிக்குக் காலையில டப்பாவுல போட்டு மூடிக் கொண்டாந்து குடுத்துச்சு. நீ வந்து வாங்கினு போன."

"மீனு தின்னப் போனேன்னு சொல்லிட்டியா?"

"கேட்டுச்சு. காப்போட பொய் சொல்லச் சொல்றியா?"

சகாதேவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நீ போடல. நானும் போடல. அப்ப ரெண்டு நாளா அந்தப் பனியனை யாருடா போட்டுக்கினு இருந்தது?"

"வேற யாரு, உன் பொண்டாட்டிதான். சட்டைக்கு உள்ள," என்றான் மணிவண்ணன். "ஆமா, கடைசில அது எந்த நம்பரை எடுத்துச்சு?"