கையெழுத்துப் போட வேண்டியவர்கள்

"எங்க வீட்டுக்காரர் ஒத்துக்கலை, மேஸ்திரி." நகிமுலி காகிதத்தைச் சிமென்ட் மூட்டையின் மேல் வைத்தாள். "அஸ்திவாரம் சொன்ன ஆழத்தோட நிக்கணுமாம். இன்னும் ஒரு அடி கூடாதாம்."

கக்வா மேஸ்திரி கரணையைக் கீழே வைத்துவிட்டு வாசித்தார். மாற்றப் படிவம், எண் மூன்று. 'நிராகரிக்கப்பட்டது' என்று கோபமாக எழுதி, அடியில் லுபேகா என்று கையெழுத்து.

"நேத்து சாயங்காலம்தானேம்மா குடுத்தேன்? கத்தார் என்ன பக்கத்துத் தெருவா?"

"போன்ல அனுப்பினாரு. அச்சு எடுத்தேன்."

"எங்க இஞ்சினியர் விட மாட்டாரும்மா. மண்ணு இளக்கம்ங்கிறாரு. அவருது உடும்புப் பிடி."

நகிமுலி கம்பாலாவில் சாலை போடும் கம்பெனி ஒன்றின் திட்டப் பிரிவில் பத்தொன்பது வருடமாகப் படிவம் நிரப்புகிறவள். பக்கத்து ஊரான முகோனோவில் கட்டும் தன் வீட்டுக்கும் அவளே ஒப்பந்தம் எழுதினாள். பொறியாளர் இல்லாத ஆளுக்கு வேலை கிடையாது என்று சொல்லித்தான் கக்வாவை அமர்த்தினாள்.

எதெல்லாம் வேலை, எதெல்லாம் வேலையில் சேராது என்று முதல் பக்கத்தில் இருந்தது. அதில் ஒரு ஆணியை இடம் மாற்றுவதென்றாலும் படிவம் வேண்டும். கணவர் லுபேகாவும் பொறியாளர் தும்வினேயும் கையெழுத்திட வேண்டும். கடைசியில், இருவரும் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் மேஸ்திரி சாவியைக் கொடுக்கலாம்.

அந்தக் கடைசி வரியை மேஸ்திரியை மிரட்டத்தான் சேர்த்தாள். லுபேகா என்று ஒருவர் கிடையாது.

முதல் தடவை அவள் உண்மையைச் சொல்லித்தான் வேலையைத் தொடங்கினாள். அந்த மேஸ்திரி குழி தோண்டியதோடு நிறுத்திவிட்டு, கம்பியையும் கூரைத் தகரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கேட்க ஆள் இல்லாத பொம்பளைதானே என்ற தைரியம். இதுவும் போனால் இந்த ஜென்மத்தில் அவளுக்கு வீடு இல்லை. அதனால் ஒரு கணவரை உண்டாக்கி, கத்தாருக்கு அனுப்பி, இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டாள்.

அஸ்திவாரப் படிவத்துக்கு இரண்டாம் நாளே தும்வினேயின் பதில் வந்தது. 'ஆழம் குறைந்தால் சுவர் வெடிக்கும். நான் பொறுப்பில்லை.' காகிதத்தின் ஓரத்தில் கலவை படிந்த கட்டைவிரல் ரேகை. கொண்டுவந்த மேஸ்திரியின் விரலாக இருக்கும் என்று துடைத்துவிட்டுக் கோப்பில் வைத்தாள். லுபேகா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஏழு மாதம் இரண்டு பெரிய மனிதர்களும் காகிதத்திலேயே சண்டை போட்டார்கள். தும்வினேக்கு மேற்கே எங்கோ பாலம் கட்டுகிற வேலையாம், இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நகிமுலி ஆபீஸ் விட்டு வந்து, "வேலைக்கு நன்றி, மேஸ்திரி" என்று வழக்கம்போல வணக்கம் வைப்பாள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் இவர்கள் இருவரும் செங்கல் மேல் உட்கார்ந்து, வேகவைத்த மரவள்ளியும் தேநீருமாக, இல்லாதவர்களைத் திட்டுவார்கள்.

"சாருக்கு ஜன்னல் மேல என்னம்மா விரோதம்? ரெண்டடிக்கு மேல வேண்டாங்கிறாரு. உள்ள என்ன கோழியா வளர்க்கப் போறீங்க?"

"உங்க இஞ்சினியர் மட்டும் லேசுப்பட்டவரா? சமையல்கட்டுக் கதவு எங்க இருக்கணும்னு அவரு ஏன் சொல்றாரு? அவரா வந்து சமைக்கப் போறாரு?"

மேஸ்திரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும்.

வாடகை அறையில் அவளுக்கு இப்படிப் பேச யாரும் இல்லை. சில படிவங்களை அவள் வேண்டுமென்றே நிராகரித்தாள். நிராகரித்தால்தானே நாளைக்கும் உட்கார்ந்து பேச ஒரு காரணம் இருக்கும்! வீடு உயர உயர அவளுக்குச் சந்தோஷத்தோடு துக்கமும் சேர்ந்து உயர்ந்தது.

கடைசியில் வண்ணமும் அடித்து முடிந்துவிட்டது. சனிக்கிழமை காலை, ஒப்படைக்கும் நாள். லுபேகாவுக்கு விமானம் தவறிவிட்டது என்று சொல்வதாக முடிவு செய்து, விசேஷத்துக்கு உடுத்தும் கோமேசி அங்கியை உடுத்திக்கொண்டு நகிமுலி வந்து சேர்ந்தாள்.

மேஸ்திரி தேய்த்த சட்டை போட்டிருந்தார். செம்மண் முற்றத்தைச் சுத்தமாகப் பெருக்கி, எங்கோ இரவல் வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்.

"ஒண்ணு சாருக்கு, ஒண்ணு எங்க இஞ்சினியருக்கு. சார் பின்னாடி வர்றாராம்மா?"

"உங்க இஞ்சினியர்?"

"வந்துட்டே இருக்காரு."

இருவரும் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. மேஸ்திரி நாற்காலியில் விழுந்த இலையைத் தட்டிவிட்டார், சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இந்த ஊரில் தன்னோடு சிரித்துப் பேசிய ஒரே மனிதரிடம் விமானக் கதை என்று இன்னும் ஒரு பொய் சொல்ல நகிமுலிக்கு மனம் வரவில்லை.

"அவரு நாற்காலியை எடுத்துடுங்க, மேஸ்திரி. லுபேகான்னு யாரும் இல்லை. எனக்குப் புருஷனே இல்லை. எல்லாக் கையெழுத்தும் நான் போட்டதுதான். தனி ஆள்னு தெரிஞ்சா நீங்களும் ஏமாத்திடுவீங்கன்னு பயம். இஞ்சினியர் வந்ததும் சொல்லிடுங்க. சாவியைக் குடுக்கிறதும் குடுக்காததும் அவரு இஷ்டம்."

மேஸ்திரி லுபேகாவின் நாற்காலியைத் தூக்கி, தும்வினேயின் நாற்காலி மேல் கவிழ்த்தார். இரண்டையும் சேர்த்துச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"தும்வினேயும் நான்தாம்மா."