ஸ்போர்ட் ரிம்முக்குள் ஒரு டியூப்

“ராத்திரியோட ராத்திரியா நீயே வந்து ஓட்டை போட்டுட்டு, நீயே டியூபு விக்கிறியா பாய்?”

பினாங்கு சூலியா தெரு டயர் கடை வாசலில், காற்றிறங்கிய மோட்டார் சைக்கிளை நிறுத்திய கையோடு நாகநாதன் கத்தினார். பக்கத்துச் சந்தில்தான் வீடு. அந்தத் தூரம் தள்ளி வந்ததற்கே சட்டை நனைந்து, பூசியிருந்த சென்ட்டு எல்லாம் வீணாகிப் போயிருந்தது.

கடைக்காரர் ஜபருல்லா பின்சக்கரத்தைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஒரு சுற்று சுற்றினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

“ஓட்டையே இல்லண்ணே. போன வாரமும் இல்ல. ரிம்முல எங்கயாச்சும் கசியுது போல. பேசாம உள்ள ஒரு டியூபப் போட்டுருவோம்லா.”

நாகநாதனுக்கு மூக்கு விடைத்தது. பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் அவர் சூப்பர்வைசர். கம்பியில்லாத ஸ்போர்ட் ரிம், டியூபே வேண்டாத டியூப்லெஸ் டயர் இரண்டையும் அங்கே முதலில் போட்டவர் அவர்தான். அந்தப் பெருமையை அவர் வாயால் கேட்டு நொந்து போகாதவர் பேக்டரியில் யாரும் கிடையாது.

“டியூப்லெஸ்ஸுக்குள்ள டியூபா? ரப்பர் தோட்டத்துல பால்வாளிய மாட்டிக்கிட்டு ஓட்டுறானுங்களே, அவனுங்க பண்ற வேலை அது. என்னைய எவன்னு நெனச்ச?”

“சரிண்ணே, பேக்டரியில நாள் பூரா நிக்குதே, அங்க எறங்குதா?”

“அங்க எப்படி எறங்கும்? கூரைக்கு அடியில நிக்குது. வீட்டு வாசல்ல பனியில நிக்குது. பனியில ரப்பர் சுருங்கும், காத்து எறங்கும். இதெல்லாம் சயின்ஸ். ஒனக்கு எங்க தெரியப் போவுது!”

ஜபருல்லா வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்த பனியனைப் பிய்த்து விட்டுக்கொண்டார். ரப்பர் சுருங்குகிற அளவுக்குப் பினாங்கில் பனி பெய்து அவர் பார்த்ததில்லை.

“அப்ப காத்து மட்டும் அடிச்சுத் தரேன். காலையில எறங்கிருச்சுன்னா பேக்டரி பஸ்ஸுல போய்க்குங்க.”

பஸ் என்றதும் நாகநாதனின் குரல் இறங்கிவிட்டது. ஜபருல்லாவின் காதுப் பக்கம் குனிந்தார்.

“அதான் முடியாது பாய். ஆயர் ஈத்தாம் முச்சந்தியில அருந்ததின்னு ஒரு பொண்ணு நிக்கும். எங்க லைன்ல புதுசா சேந்திருக்கு. பாவம், கஷ்டப்படுதேன்னு ஏத்திக்கிட்டுப் போறேன்.”

சூலியா தெருவிலிருந்து பாயான் லெப்பாஸ் போகிற வழியில் ஆயர் ஈத்தாம் வராது என்பது பினாங்கில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும். மீசைக்கு மை அடிக்கிற வயதில் மனிதருக்கு இரக்கம் அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு போனது.

“நான் போவாத அன்னைக்கெல்லாம் அந்த ஸ்டோர் கிளார்க் திருநாவுக்கரசு ஏத்திட்டுப் போயிடுறான் பாய். தகர டப்பா மாதிரி ஒரு கப்சாய், குட்டி மோட்டார் சைக்கிள், அதுல! இப்படியே விட்டா அது அவன் பின்னாலயே பழகிரும்.”

வெட்கம்கெட்ட மனிதருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

“வீட்டுல அக்காவுக்குத் தெரியுமாண்ணே?”

“கனகேஸ்வரிக்கா? அதுக்கு என்னா தெரியும்! கட்டிக்கிட்டு இத்தன வருசமாச்சு, மோட்டாருக்கு எண்ணெய் ஊத்துற எடமே அதுக்குத் தெரியாது. அடுப்புல கேஸ் தீந்தாக்கூட என்னையத்தான் கூப்பிடும்.”

கௌரவம் பெரிதா அருந்ததி பெரிதா என்று யோசித்ததில் நாகநாதனுக்கு அருந்ததிதான் பெரிதாகத் தெரிந்தாள். தெருவில் தெரிந்த முகம் ஏதும் இல்லையென்று பார்த்துக்கொண்டு தலையாட்டினார். ஜபருல்லா டயரை நெம்பிப் பிரித்து, புத்தம்புது டியூபை உள்ளே தள்ளிக் காற்றடித்தார்.

“ரொம்ப வேகமா ஓட்டாதீங்கண்ணே. உள்ளுக்குள்ள உரசி டியூபு சூடாயிரும்.”

“ஒன் வேலையப் பாரு. டியூபு போட்டத வெளிய எவன்கிட்டயாச்சும் சொன்னே, அப்புறம் இந்தக் கடைப் பக்கமே வர மாட்டேன்.”

வராமல் இருந்தால் கோடி புண்ணியம் என்று ஜபருல்லா நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மடிப்புக் கலையாத சட்டையும் கமகமக்கிற கழுத்துமாக, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நாகநாதன் வாசலுக்கு வந்தார். பின்சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது.

குனிந்து டயரைத் தடவினார், அமுக்கினார். ஆத்திரம் தாங்காமல் ஓர் உதை விட்டார். கால்தான் வலித்தது.

“போச்சு! இந்நேரம் முச்சந்தியில வந்து நின்னுருக்கும்!”

“யாருங்க?”

சாப்பாட்டுத் தூக்கோடு கனகேஸ்வரி பின்னால் நின்றிருந்தாள்.

“பஸ்ஸு. பஸ்ஸு வந்து நின்னுருக்கும்னு சொன்னேன்.” மனைவியைப் பார்த்ததும் போயிருந்த தைரியம் நாகநாதனுக்குத் திரும்பி வந்தது. “அந்த பாய் என்னைய நல்லா ஏமாத்திட்டான். ஆணி இல்ல, ஓட்ட இல்ல, உள்ள புது டியூபு. அப்புறம் எப்படி காத்து எறங்கும்? ஒங்கிட்ட போயி சொல்றேன் பாரு! டியூபுன்னா என்னான்னு தெரியுமா ஒனக்கு?”

கனகேஸ்வரி தூக்கை அவர் கையில் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நடக்கும்போது மழை வந்தால் பிடித்துக்கொள்ளக் குடையையும் கொடுத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

“டியூப உள்ள போட்டா என்னாங்க, காத்து எறக்குற எடம் வெளியதான இருக்கு.”