காணாமல்போன சொக்கனின் படம்

சொக்கன் என்ற கழுதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அவன் மனைவி செங்கமலம் அழுதுகொண்டே நரியின் ஸ்டூடியோவுக்கு ஓடினாள். "காணவில்லை" சுவரொட்டிக்காக நரி சொக்கனின் இரண்டு படங்களை நீட்டியது. ஒன்று எடுத்தபடியே இருந்தது. மற்றதில் காதைக் குறைத்து, பிடரியை வளர்த்து, கம்ப்யூட்டரில் மெருகேற்றியிருந்தது.

"ஊரே பார்க்கப்போகுது. நல்லா இருக்கறதையே போடுங்க" என்றாள் செங்கமலம்.

எப்படியோ கரையேறிய சொக்கன், நொண்டிக்கொண்டே சுவரொட்டியருகே வந்து, "நான்தாங்க அது" என்றான். அவனைத் தேடப் புறப்பட்டிருந்த மான்கள் படத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தன.

"படத்தை மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றது ஒரு மான்.

மறுநாள் மான்கள் ஒரு குதிரையைக் கூட்டிவந்து செங்கமலத்திடம் ஒப்படைத்தன. அவள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொஞ்சம் இளைச்சிட்டார். மத்தபடி அவரேதான்" என்று சொல்லிவிட்டு, புல் எடுத்துவர உள்ளே போனாள்.