ஆலமரத்துக் காவல்

ஆலமரத்தில் சாரைப்பாம்பு ஏறினால், முன்பெல்லாம் மைனாக்கள் அத்தனையும் இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடிவந்து, கூச்சல் போட்டு விரட்டும். அது அலுத்துப்போய், ஒருநாள் கரிச்சான் குருவியைக் காவலுக்கு அமர்த்தின. வீட்டுக்கொரு வெட்டுக்கிளி சம்பளம்.

கரிச்சானுக்குப் பெருமை பிடிபடவில்லை. உச்சிக்கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாம்பு தலைநீட்டும் போதெல்லாம் கொத்தித் துரத்தியது. மைனாக்கள் நிம்மதியாகச் சாப்பிட்டன.

ஒரு மத்தியானம் பாம்பு கரிச்சானின் வாலையே கவ்விக்கொண்டது.

"எல்லாரும் ஓடி வாங்க," என்று கரிச்சான் தொண்டை கிழியக் கத்தியது. ஒருவரும் வரவில்லை. பக்கத்துப் பொந்தில் பெரிய மைனா குஞ்சுகளிடம் சொல்வது மட்டும் கேட்டது.

"யாரோ கத்துறாங்க, பயப்படாதீங்க கண்ணுங்களா. நம்ம கரிச்சான் பாத்துக்குவான்."

கரிச்சான் ஒரே உதறாக உதறி, வால் இறகுகளைப் பாம்பின் வாயிலேயே விட்டுவிட்டுத் தப்பியது. வலியோடு வலியாகத் திரும்பிவந்து தலையில் கொத்திய கொத்தில், பாம்பு இறங்கி ஓடிவிட்டது.

மறுநாள் காலையில் பெரிய மைனா கரிச்சானைத் தேடி வந்தது.

"நேத்து மத்தியானம் யாரோ கத்திக் கத்திக் குழந்தைங்களைத் தூங்கவே விடலைப்பா," என்றது. "யாருன்னு விசாரிச்சுக் கொஞ்சம் கண்டிச்சு வை."