இரும்புக் கொண்டி

தோப்பில் கட்டுரைப் போட்டி நடக்கும் செய்தியைக் கூண்டில் இருந்த மைனாவிடம் காகம்தான் வந்து சொன்னது. தலைப்பு, ‘பறவைகளின் உரிமைகள்’.

பரிசைப் பற்றி மைனாவுக்கு அக்கறையில்லை. கூண்டுக் கதவின் கொண்டி வெளிப்பக்கம் இருந்தது. காகம் மட்டும் இழுத்தபோது அது அசையவில்லை. இன்னொரு அலகும் சேர்ந்தால் தூக்கிவிடலாம். தோப்பே கூடும் இடத்தில் அதைச் சொன்னால் யாராவது வராமலா போவார்கள்?

மைனா சொல்லச் சொல்லக் காகம் மனப்பாடம் செய்துகொண்டு போனது. கடைசி வரி இதுதான்: ‘கொண்டியைத் தூக்க இன்னும் ஒரு அலகு வேண்டும், வாருங்கள்.’

மறுநாள் மாலை காகம் தனியாகத் திரும்பி வந்தது.

“உனக்குத்தான் முதல் பரிசு, தங்கச்சி. கேட்டவங்க எல்லாம் அழுதுட்டாங்க.”

“யார் வர்றாங்க அண்ணே?”

“எதுக்கு?”

“கொண்டியைத் தூக்க.”

காகம் தலையைச் சாய்த்துக்கொண்டது. “அந்த வரியைத்தான் நடுவர் மயிலய்யா ரொம்பப் பாராட்டினாரு. கொண்டிங்கிறது நம்ம எல்லார் மனசுலயும் இருக்கிற பூட்டாம். அற்புதமான உருவகம்னாரு.”

“அது இரும்புக் கொண்டி அண்ணே.”

“நானும் சொன்னேம்மா. இலக்கியம் உனக்குப் புரியாதுன்னுட்டாங்க.”

பிறகு காகம், சபையில் கொடுத்தனுப்பிய பொன்னாடையை விரித்தது. தோளில் போர்த்த வழியில்லாததால் கூண்டின் மேல் போர்த்தியது.

உள்ளே இருட்டிவிட்டது. மைனா துணியை அலகால் விலக்கப் பார்த்தது, முடியவில்லை.

“அண்ணே, இதையாவது எடுத்துட்டுப் போங்க” என்றது.

பொன்னாடை எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று தோப்பில் சொல்வதற்காகக் காகம் அதற்குள் பறந்துவிட்டிருந்தது.